பெங்களூரு டூ நாக்பூர் ஒரே நாளில்... கூகுள் மேப் சொல்லாத கணக்கு

"விடியக்காலம் நாலு மணிக்கு கிளம்புறோம் மச்சி. நைட் டின்னர் நாக்பூர்ல."

காஷ்மீர் ரோடு ட்ரிப்புக்காகத் தொடங்கப்படும் வாட்ஸ்அப் குரூப்களில் தவறாமல் வந்துவிழும் வாக்கியம் இது. பெங்களூரிலிருந்து ஸ்ரீநகர் ஏறக்குறைய 3,000 கி.மீ. கையில் இருப்பதோ ஒன்பது நாள் லீவு. அதில் இரண்டு நாளாவது தால் ஏரியில் கழிய வேண்டும். எனவே முதல் நாளே 1,000 கி.மீ.க்கு மேல் தாண்டிவிட வேண்டும் என்று திட்டம் தயாராகிறது. இந்தத் திட்டத்தைப் போடுவது உண்மையில் கார் ஓட்டுபவர் அல்ல, ஆபீஸ் லீவு காலண்டர்.

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44, நாட்டிலேயே நீளமானது, 3,700 கி.மீ.க்கு மேல். பெங்களூரு - ஹைதராபாத் - நாக்பூர் பகுதியை இன்றும் பழைய பெயரில் 'என்.எச். செவன்' என்பவர்கள் உண்டு. பெரும்பாலும் நான்கு வழி, நல்ல சாலை. பிரச்னை சாலையில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது.

அந்த ஒரு நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நாலு மணிக்குக் கிளம்ப மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். முந்தைய இரவு பேக்கிங், ஆபீஸில் கடைசி நேர 'ஹேண்ட்ஓவர்' எல்லாம் முடிந்து படுக்கும்போது பதினொன்றரை. அதாவது, பயணம் தொடங்குவதே மூன்றரை மணி நேரத் தூக்கத்தில்தான். தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர், பாகேபள்ளி என்று இருட்டிலேயே ஓடிவிடும். பெனுகொண்டா அருகே கியா தொழிற்சாலையைத் தாண்டும்போது வெளிச்சம் வந்திருக்கும். அனந்தபூரில் காலை உணவு. ராயலசீமா பக்கத்து உக்கானியும் மிளகாய் பஜ்ஜியும் கிடைத்தால் விடக்கூடாது. இதுவரை எல்லோரும் உற்சாகம்தான். ஸ்டோரி போடுவது, பாட்டு மாற்றுவது, "இப்படியே போனா ஒன்பது மணிக்கே நாக்பூர்டா!"

கர்னூலில் துங்கபத்திரை, பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா. ஹைதராபாத் வெளிவட்டச் சாலையைப் பிடிக்கும்போது மணி ஒன்று. பிரியாணி சாப்பிடாமல் ஹைதராபாத்தைக் கடப்பது பாவம் என்று யாராவது சொல்வார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் இந்த நாளின் மோசமான பகுதி. ராத்திரியைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை பற்றி யாரும் பேசுவதில்லை. பழியைப் பிரியாணி மேல் போட்டுவிடுகிறார்கள். சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்தில் விழிப்பு குறையும், உடலின் உள்கடிகாரம் அப்படி. காமாரெட்டியைத் தாண்டிய நேர்சாலை, ஏசி, ஒரே வேகம், பின்சீட்டில் குறட்டை. 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. கண் நாலு நொடி சொருகினால் 111 மீட்டர் தூரத்துக்கு வண்டியை ஓட்ட ஆளே கிடையாது. கண் சொருகியது ஓட்டுபவருக்கே பல நேரம் தெரிவதில்லை.

பழைய டோல்கேட் வரிசைகளை யாரும் விரும்பியதில்லை. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அந்த எரிச்சலூட்டும் ஐந்து நிமிடங்கள்தான் பலருக்குக் கால் நீட்டிக்கொள்ளக் கிடைத்த ஒரே இடைவேளை. இப்போது அதுவும் இல்லை. வண்டி நிற்பது டீசலுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும்தான்.

சோன் அருகே கோதாவரியைக் கடந்து நிர்மல் சேரும்போது மாலை ஐந்தரை. நாக்பூருக்கு இன்னும் சுமார் 290 கி.மீ. "இவ்வளவு வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே" என்ற குரல் இங்கேதான் வரும். அதிலாபாத், பெங்கங்கா பாலம், மகாராஷ்டிரா. பாண்டர்கவடா பக்கம் போகும்போது மணி எட்டு.

எட்டு மணி என்பது முக்கியமான நேரம். மூன்று மணிக்கு எழுந்தவருக்கு அப்போது 17 மணி நேரம் முடிகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இந்தியாவில் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டு குடிக்காதவர், குடித்துவிட்டு ஓட்டுபவரைப் போல ஓட்டுகிறார். ஊதச் சொன்னால் மெஷின் ஒன்றும் காட்டாது.

"நாங்க மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டுவோம் பாஸ்" என்பது வழக்கமான பதில். கைவலிக்கும் முதுகுவலிக்கும் அது உதவும். ஆனால் மூன்று பேருமே எழுந்தது அதே மூன்று மணிக்குத்தானே? குலுங்கும் காரில் கழுத்தைச் சாய்த்துப் போட்ட அரைத்தூக்கம் படுக்கைத் தூக்கத்துக்கு ஈடாகாது. ஜன்னலைத் திறப்பது, சத்தமாகப் பாட்டு வைப்பது எல்லாம் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. உண்மையில் பலன் தருவது ஒரு காபி குடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, 15 நிமிடம் கண்ணை மூடுவது. காபி வேலை செய்ய ஏறக்குறைய அரைமணி ஆகும். அதற்குள் குட்டித் தூக்கம் முடிந்திருக்கும். இதுவும் தற்காலிக நிவாரணம்தான்.

அதோடு இப்போது இருட்டும் சேர்ந்துவிட்டது. 100 கி.மீ. வேகத்தில் ஓடும் கார், ஓட்டுபவர் பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்து, நிற்க சுமார் 90 மீட்டராவது வேண்டும். லோ பீமில் தெளிவாகத் தெரியும் தூரம் அதைவிடக் குறைவு. ரிஃப்ளெக்டர் இல்லாத டிராக்டர் டிரெய்லரும், பழுதாகி ஓரமாக நிற்கும் லாரியும் அந்த இடைவெளியில்தான் காத்திருக்கின்றன. லேன் மாறினால் எச்சரிக்கும் தொழில்நுட்பம் புதுக் கார்களில் வந்துவிட்டது, நல்லதுதான். ராங் சைடில் லைட் இல்லாமல் வரும் பைக்கை அது எப்படிக் கையாளும் என்று ராத்திரி எட்டு மணிக்குச் சோதித்துப் பார்க்க வேண்டாமே.

லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி ஓய்வு. நடைமுறையில் எத்தனை முதலாளிகள் மதித்தார்கள் என்பது வேறு கதை. ஐரோப்பாவில் கனரக வாகன ஓட்டுநர் நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். பிழைப்புக்காகத் தினமும் ஓட்டிப் பழகியவருக்கே இந்த வரம்பு. வருஷம் முழுக்க சில்க் போர்டு சிக்னலில் ஊர்ந்துவிட்டு, ஒரே நாளில் 15 மணி நேரம் ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு எந்த வரம்பும் கிடையாது. சொந்தக் கார், சொந்த விருப்பம். எதிரே வரும் குடும்பத்திடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை.

கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடுவதுதான் தவறு. போட வேண்டியது மணியை வைத்து: ஸ்டீயரிங்கில் எட்டு மணி நேரம், இருட்டுவதற்குள் ரூம். அந்தக் கணக்கில் முதல் நாள் ஹைதராபாத்தோடு முடியும். இரண்டாம் நாள் மாலை வெளிச்சத்தோடு நாக்பூர். ஒரு நாள் கூடுதலாகும், ஆமாம். அதற்கு மேனேஜரிடம் இன்னொரு நாள் லீவு கேட்கலாம், அல்லது ஸ்ரீநகருக்குப் பதில் குவாலியரோடு திரும்பலாம். ஒரு வழி ஃபிளைட்டில் போய் ஜம்முவில் வாடகைக் கார் எடுப்பதும் வழிதான். "அது ரோடு ட்ரிப்பே இல்ல" என்று குரூப்பில் கிண்டல் வரும், வரட்டும்.

ஏற்கெனவே கிளம்பி, நிர்மலில் இருட்டத் தொடங்கிவிட்டதா? நாக்பூர் ஹோட்டல் அட்வான்ஸ் போனால் போகட்டும், அங்கேயே ரூம் போடுங்கள். மறுநாள் நாக்பூரைத் தாண்டியதும் பெஞ்ச் புலிகள் காப்பகம் வரும். விலங்குகள் அடியில் கடந்துபோக மகாராஷ்டிரா பக்கம் மட்டும் 9 இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். பகலில் போனால் அந்தக் காட்டையும் பார்க்கலாம்.