தேய்மானம்

பி.காம். இரண்டாம் வருஷம். அக்கவுண்டன்ஸி வகுப்பு. வாத்தியார் போர்டில் தேய்மானக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு லட்ச ரூபாய் மெஷின், ஆயுள் பத்து வருஷம். வருஷத்துக்குப் பத்தாயிரத்தை முதலாளி செலவாக எழுதிக்கொள்ளலாம். லாபம் குறையும். வரியும் குறையும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

'சார், மெஷினுக்குத் தேய்மானம் போடறோம். மெஷினை ஓட்டறவனுக்கு?'

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். 'அவனுக்குத்தான் சம்பளம் குடுக்கறோமேப்பா!'

நானும் சிரித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது அந்தக் கேள்வியை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. காரணம், ஜோஷ் ஜான்சன் என்கிற அமெரிக்கக்காரர்.

கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. அமெரிக்காவிலேயே அவர் பெரிய ஸ்டார் கிடையாது. அவர் ஆடுவது அமெரிக்கன் ஃபுட்பால். பேர்தான் ஃபுட்பால், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு நூறு கிலோவுக்கு மேல் உள்ள ஆசாமிகள் ஒருவர் மீது ஒருவர் பாய்வார்களே, அதுதான். இதில் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். ஜான்சன் ஒரு குவார்ட்டர்பேக்.

2008ல் டாம்பா பே அணி அவரை 160வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அங்கே நாலு சீசன். அதற்கப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்: சான் பிரான்சிஸ்கோ, கிளீவ்லாந்து, சின்சினாட்டி, நியூயார்க்கில் இரண்டு அணிகள், இண்டியானாபொலிஸ், பஃபலோ, பால்டிமோர், ஹூஸ்டன், ஓக்லண்ட், வாஷிங்டன், டெட்ராய்ட், டென்வர். என்.எஃப்.எல். என்கிற அந்த லீகில் இருப்பதே 32 அணிகள். அதில் 14 அணிகளின் சட்டையைப் போட்டவர் இவர். லீக் சரித்திரத்தில் இவ்வளவு அணிகளைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு மட்டும் நாலு தடவை போனார்.

அங்கே இப்படிப்பட்டவர்களுக்கு 'ஜர்னிமேன்' என்று பெயர். ஊர் ஊராகப் பயணம் போகிறவர் என்றுதான் கேட்பவர்களுக்குத் தோன்றும். கிட்டத்தட்ட நாடோடி. ரசிகர்கள் சிரித்துக்கொண்டே அணிகளை எண்ணுவார்கள். ஆனால் அந்தச் சொல்லின் வேர் பயணத்தில் இல்லை. பிரெஞ்சு மொழியில் 'ஒரு நாள்' என்று அர்த்தம் தருகிற சொல்லிலிருந்து வந்தது அது. ஜர்னிமேன் என்றால் தொழில் கற்றவன், ஆனால் நாள் கூலிக்கு வேலை செய்பவன். சுத்தத் தமிழில் சொன்னால், தினக்கூலி.

தினக்கூலியின் வேலை எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

2018 டிசம்பர். வாஷிங்டன் அணியின் முதல் குவார்ட்டர்பேக்குக்குக் கால் உடைந்தது. இரண்டாவது ஆளுக்கும் கால் உடைந்தது. மூன்றாமவர் சொதப்பினார். கூப்பிடு ஜான்சனை! அவர் அப்போது, இன்னும் ஆரம்பிக்கவே செய்யாத வேறொரு புது லீகில் சேர்ந்திருந்தார். ஓடி வந்தார். அணியில் யார் பெயரும் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? அந்த அணியின் ஆட்டக்காரர்கள் இருக்கிற வீடியோ கேமை ஆடிப் பார்த்து, யார் யார் என்று மனப்பாடம் செய்துகொண்டார்! டிசம்பர் 16ம் தேதி ஜாக்சன்வில்லில் ஆடி, 16-13 என்று ஜெயித்துக் காட்டினார். ஆரம்பத்திலிருந்து இறங்கி அவர் ஜெயித்த முதல் என்.எஃப்.எல். ஆட்டம் அது. உள்ளே வந்து பத்து வருஷம் கழித்து!

அந்த சீசன் முடிந்தது. வாஷிங்டன் 'நன்றி' சொல்லிவிட்டது. அவர் சேரவிருந்த புது லீக் 2019 பிப்ரவரியில் ஆரம்பித்து, முதல் சீசனைக்கூட முடிக்காமல் ஏப்ரலில் இழுத்து மூடப்பட்டது. அடுத்த வேலையைத் தேடிக் கிளம்பினார்.

2023 ஜனவரி 29. சான் பிரான்சிஸ்கோ, ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக. ஜெயித்தால் சூப்பர் பவுல். ஆரம்பத்திலேயே முதல் குவார்ட்டர்பேக்குக்கு முழங்கையில் அடி. 36 வயது ஜான்சன் உள்ளே போனார். மூன்றாவது கால்மணியில் அவருக்குத் தலையில் அடி. மூளை அதிர்ச்சி. வெளியே கொண்டுபோனார்கள். பந்தை எறியவே முடியாத முழங்கையோடு பழைய ஆள் திரும்ப வந்தார். 31-7 தோல்வி.

லீக் உடனே விழித்துக்கொண்டது. என்ன மாற்றம் கொண்டுவந்தது? அதே வருஷம் மே மாதத்தில், அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்று விதி போட்டது. அதாவது ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பழுதான டயரைப் பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தை கிடையாது.

'சார், கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறவனுக்காக என்னை அழச் சொல்றீங்களா?' நியாயமான கேள்வி. நானும் கேட்டுக்கொண்டேன். அதனால் கணக்கைப் பார்ப்போம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான்.

2024ல் ஒரு புது ஆட்டக்காரரின் குறைந்தபட்ச சம்பளம் 7,95,000 டாலர். யப்பா! ஆனால் அது வாரா வாரம் என்று 18 பங்காகப் பிரித்துக் கணக்கிடப்படுவது. அந்தந்த வாரம் அணியில் இருந்தால்தான் அந்தந்த வாரப் பணம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் மூன்று வருஷம், நாலு வருஷம் என்று போட்டிருப்பது அலங்காரத்துக்கு. உத்தரவாதம் என்று எழுதிய தொகை மட்டும்தான் நிச்சயம். மிச்சத்தை அணி நினைத்த நேரத்தில் கிழித்துப் போடலாம். ஆட்டக்காரர் கிழிக்க முடியாது.

ஒவ்வொரு அணியும் பயிற்சி முகாமுக்கு 90 பேரைக் கூப்பிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில் 53 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறது. 32 அணிக்கும் பெருக்கிப் பாருங்கள். ஆயிரத்து நூறு பேருக்கு மேல். 'கோச் கூப்பிடறார், பிளேபுக்கை எடுத்துட்டு வா' என்று சொல்ல ஓர் ஆள் வருவார். அந்த ஆளுக்கு அங்கே பட்டப்பெயரே உண்டு. அந்த வாக்கியத்தைக் கேட்டாலே புரிந்துகொள்ள வேண்டும், கதை முடிந்தது. கொஞ்சம் பேருக்குப் பயிற்சி அணியில் இடம் கிடைக்கும். மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்க்க வேண்டியதுதான்.

பென்ஷன் வேண்டுமானால் மூன்று சீசன் கணக்கில் ஏற வேண்டும். சராசரி ஆட்டக்காரரின் தொழில் ஆயுளே 3.3 வருஷம் என்கிறது ஆட்டக்காரர் சங்கம். லீக் இதை ஒப்புக்கொள்வதில்லை, அதன் கணக்கு வேறு. சீசனின் முதல் நாள் அணியில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை ஏறத்தானே செய்யும்? ஆகஸ்டில் அனுப்பப்பட்டவன் அந்தக் கணக்கில் வரவே மாட்டான்.

இப்போது முதலாளி பக்கத்து லெட்ஜரைத் திறப்போம்.

பில் வீக் என்று ஒரு பேஸ்பால் முதலாளி இருந்தார். 1940களில் அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். அணியை வாங்கும்போது நான் வாங்குவது ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களைத்தானே? ஆட்டக்காரர்கள் வருஷா வருஷம் தேய்கிறார்களே? அப்படியானால் மெஷின் மாதிரி அவர்களுக்கும் தேய்மானம் போட்டு வரியைக் குறைக்கலாமே! வரித்துறை ஒப்புக்கொண்டது. எல்லா விளையாட்டு முதலாளிகளும் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் சில கட்டுப்பாடுகள் வந்தன. 2004ல் வந்த ஒரு சட்டம், அணி வாங்கிய விலை கிட்டத்தட்ட முழுவதையும் 15 வருஷத்தில் செலவாக எழுதிக்கொள்ளலாம் என்று கதவை விரியத் திறந்துவிட்டது.

ஆட்டக்காரருக்குத் தரும் சம்பளம் தனிச் செலவு. அதன் மேல் அவர் தேய்வதும் முதலாளிக்கு ஒரு செலவு! தேய்கிறவரோ தன் முட்டியையும் தோளையும் மூளையையும் எந்தப் படிவத்திலும் எழுதிக் கழிக்க முடியாது. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால், வருமான வரி உள்ள மாநிலங்கள் அங்கே சம்பாதித்த பங்குக்குத் தனியாக வரி வாங்குகின்றன.

சரி, அந்த அணிகள் நிஜமாகவே தேய்கின்றனவா? ஜான்சனுக்கு நாலு வாரம் வேலை கொடுத்த வாஷிங்டன் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999ல் மைதானத்தோடு சேர்த்து 80 கோடி டாலருக்குக் கைமாறியது. 2023ல் விற்றபோது விலை 605 கோடி டாலர்! காகிதத்தில் தேய்ந்தது, சந்தையில் ஏழரை மடங்கு வளர்ந்தது. 2021ல் லீக் போட்ட டி.வி. ஒப்பந்தங்கள் 11 வருஷத்துக்கு சுமார் 11,000 கோடி டாலர். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, அடிபட்டவனுக்கு அந்த ஒப்பந்தத்தின் மிச்ச வருஷத்துச் சம்பளத்தைத் தர முடியாதாம். பேஸ்பாலிலும் பேஸ்கட்பாலிலும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உத்தரவாதமானவை. அந்த முதலாளிகள் யாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை.

மூளைக்கு வருவோம். இறந்துபோன 111 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளையை பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். 110 மூளைகளில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருகிற சிதைவு நோய். சந்தேகப்பட்ட குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகள் அவை, எல்லா ஆட்டக்காரருக்கும் அதே விகிதம் என்று சொல்லக்கூடாது. ஆனாலும் 111க்கு 110 என்பது தூக்கத்தைக் கெடுக்கிற எண்.

முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2015ல் நஷ்டஈட்டு ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் சம்மதித்தது. அதற்குள்ளே ஒரு அயோக்கியத்தனம் ஒளிந்திருந்தது. மூளை எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று அளக்கும்போது, கறுப்பின ஆட்டக்காரர்களின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே கம்மி என்று வைத்துக் கணக்கிடும் முறை! ஆரம்ப இருப்பைக் குறைத்து எழுதினால் நஷ்டமும் குறைந்துதானே தெரியும்? ஆட்டக்காரர்களில் பெரும்பான்மை யார் என்று நினைக்கிறீர்கள்? கறுப்பினத்தவர்கள். வழக்கும் கூச்சலும் வந்த பிறகுதான், 2021ல், இதை நிறுத்துவதாக லீக் சொன்னது. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடக் கூசுகிற கணக்கு இது.

'அவர்களுக்குத்தான் சங்கம் இருக்கிறதே, பேரம் பேசினால் என்ன?' பேசினார்கள். 2020 மார்ச்சில் புது ஒப்பந்தத்துக்கு ஓட்டெடுப்பு. குறைந்தபட்ச சம்பளம் ஏறும். பதிலுக்கு, வருஷத்துக்கு 16 ஆட்டம் என்பது 17 ஆகலாம். பெரிய ஸ்டார்கள் பலர் கூடாது என்றார்கள். முடிவு: ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. வித்தியாசம் வெறும் 60 ஓட்டு. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவன் முன்னால், இப்போதே கொஞ்சம் கூடுதல் பணம் என்று நீட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் செய்வான். தன் உடம்பில் இன்னும் ஒரு ஆட்டத்தைக் கூட்டிக்கொள்ள அவனே ஓட்டுப் போட்டான். இதை சுதந்திரமான பேரம் என்று சொல்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள் பாருங்கள், 'விசுவாசம்'. ஆட்டக்காரர் கூடுதல் பணம் கேட்டு அணி மாறினால், விசுவாசம் இல்லாதவர். அணி அவரைத் தூக்கி எறிந்தால், 'இது பிசினஸ்'. ஜான்சன் பதினாலு அணியை விட்டு ஓடினாரா, பதினாலு அணிகள் அவரை விட்டனவா? கூப்பிட்டபோதெல்லாம் வந்தவர் அவர். இந்தக் கதையில் விசுவாசம் என்று ஒன்று இருந்தால் அது அவரிடம்தான் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, ஜான்சன் அதிர்ஷ்டசாலி. 2025லும் வாஷிங்டன் அவரை மறுபடி கூப்பிட்டது. நான் பேசுவது அவரைவிட, ஆகஸ்டில் பிளேபுக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான். அவர்களுக்குக் கேட்பது அப்படி ஒன்றும் பெரிதில்லை. போட்ட ஒப்பந்தத்துக்கு மரியாதை கொடு. ஆடி உடைந்த உடம்புக்கு ஆயுள் முழுக்க வைத்தியம் பார். தேய்மானத்தில் மிச்சம் பிடித்த வரியில் ஒரு துளி போதும்.

உங்கள் கம்பெனியிலும் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று யாராவது மைக்கில் பேசுவார்கள். கை தட்டுங்கள், தப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாயின்மென்ட் ஆர்டரை எடுத்து, வேலையை விட்டு நீக்கும் ஷரத்து என்ன சொல்கிறது என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கடைசி பெஞ்ச் நண்பனுக்கு: நீ கேட்ட கேள்வி சரியானதுதான். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னித்துக்கொள்.