பத்திரிகையில் விட்டுப்போன பெயர்

போன வாரம் வண்ணார்பேட்டை நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார், நேயர்களே. மகளுக்குக் கல்யாணம். "பிழை திருத்திக் கொடுங்க அண்ணாச்சி" என்று அழைப்பிதழின் நகலை நீட்டினார்.

பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தாய்மாமன் பெயரையே காணோம்!

"அச்சகத்தார் விட்டுவிட்டார்களா?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். தேர்தலில் எதிர்க்கட்சி மேடையேறி எங்கள் தலைவரை என்னவெல்லாம் பேசினான்! அவன் பெயர் எதற்கு?"

உள்ளே அவர் மனைவி என்ன பாடுபடுகிறாளோ! தாய்மாமன் இல்லாத கல்யாணத்தைத் திருநெல்வேலி ஜில்லாவில் கல்யாணம் என்று யார் சொல்வார்கள்?

எனக்கு வ.உ.சி.யின் நினைவு வந்தது. 1908 ஜூலை 7-ஆம் தேதி இதே நெல்லையில், நீதிபதி பின்ஹே அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனாலும் சிறையில் அவர் செக்கிழுத்த கதையை நம் ஊரில் குழந்தையும் சொல்லும். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் போய்விட்டது. பிழைப்புக்கு அரிசிக்கடை வைத்தும் பார்த்தார்.

பிற்பாடு அந்தச் சன்னதைத் திரும்பப் பெற உதவியவர் யார் தெரியுமா? வாலஸ் என்ற வெள்ளைக்காரர்! நெல்லையில் மாஜிஸ்திரேட்டாக இருந்து, இவரை நன்றாக அறிந்தவர். அதற்காக வாலஸ் சுதேசி ஆகிவிடவில்லை, வ.உ.சி.யும் வெள்ளையர் ஆட்சியை மெச்சிவிடவில்லை. ஆனால் தமக்குப் பிறந்த பிள்ளைக்கு 'வாலேசுவரன்' என்று பெயர் வைத்தார். ஈசுவரன் பெயரோடு ஒரு துரையின் பெயர்! தண்டித்த அரசாங்கத்தின் ஆள் என்பதற்காக, நியாயம் செய்தவரை அவர் மறந்துவிடவில்லை. பின்ஹேயும் வாலஸும் அவருக்கு ஒரே முகமாகத் தெரியவில்லை.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். காப்பி ஆறிப் போயிற்று. "வ.உ.சி. பெரிய மனுஷர். நான் சாமானியன்" என்றார்.

"சரி, உம்முடைய கொள்கையை விட்டுக்கொடுக்க வேண்டாம். அடுத்த தேர்தலிலும் மச்சானை எதிர்த்துப் பேசும். அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கித் தேருக்குக் கொண்டுபோனவர் யார்?"

அவர் பதில் சொல்லவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"அந்த நகலைக் கொடுங்க அண்ணாச்சி. பேனா இருக்கா?"