தென் பிரான்ஸின் தாய்பாஷை

சமத்துவத்தை உலகுக்கு உபதேசித்த பிரான்ஸ் தேசம், தன் தென்பாகத்து ஜனங்களின் சுயபாஷையாகிய ஆக்ஸிதானுக்கு அதனை அளிக்கவில்லை. 1539-ல் மன்னர் முதலாம் பிரான்ஸ்வா, கோர்ட்டு தஸ்தாவேஜுகள் பிரெஞ்சிலேயே இருக்க வேண்டுமென்று கட்டளையிட்டார். பின்வந்த குடியரசின் பாடசாலைகளிலோ, தாய்பாஷை பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். அதைப் பேசுவதே இழிவென்று பெற்றோரும் நம்பலாயினர்.

அப்பாஷையின் ப்ரொவான்ஸ் வழக்கில் காவியம் இயற்றிய மிஸ்த்ரால் 1904-ல் நோபல் பரிசு பெற்றார். ஆர்ல் நகரில் தம் ஜனங்களின் உடை, தட்டுமுட்டு, தொழிற்கருவி முதலியவற்றைப் பாதுகாக்கத் தாம் நிறுவியிருந்த காட்சிசாலையை விஸ்தரிக்க அப்பணத்தை உபயோகித்தார். பொருள்களைக் காட்சிசாலை காக்கும். பாஷையைக் காக்கப் பள்ளிக்கூடம் வேண்டும்.

2008-ல் பிரதேச பாஷைகள் பிரான்ஸின் பிதுரார்ஜிதம் என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 2021-லோ, அப்பாஷைகளின் வாயிலாகவே பாடங்களைப் போதிக்கப் பார்லிமெண்டு அளித்த அனுமதியை அரசியல் சட்டக் கவுன்சில் ரத்து செய்தது. பிதுரார்ஜிதமென்று பத்திரம் எழுதிவிட்டு, வாரிசுகள் அதை அனுபவிக்கலாகாதென்பது என்ன நியாயம்?

தூலூஸ் நகரின் தெருப்பலகைகளிலும், தென்னாட்டார் பேசும் பிரெஞ்சின் தொனியிலும் ஆக்ஸிதான் இன்றும் தென்படுகிறது. ஆயினும் குழந்தைகளின் நாவில் வழங்காத பாஷைக்குப் பலகை மட்டும் உயிரளிக்காது. பாரிஸ் ராஜாங்கம் இதனை உணர்வது அவசியம்.