கறுப்புத் திரையில் வெறும் எழுத்து

2019 டிசம்பர் 31 அதிகாலை. வூஹானில் சார்ஸ் போன்ற நோய் பரவுவதாக தைவானின் பிடிடி என்ற இணையச் செய்திப் பலகையில் ஒருவர் எழுதினார். அந்தப் பதிவு நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத் துணைத் தலைவர் லோ யி-சுன் கண்ணில் பட்டது. அன்றே வூஹான் விமானங்களில் வந்த பயணிகளைப் பரிசோதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிடிடி என்பது வெறும் எழுத்து. 1995இல் தேசிய தைவான் பல்கலைக்கழக மாணவர் ஈத்தன் டு தன் விடுதி அறையில் தொடங்கியது. கறுப்புப் பின்னணி, வண்ண எழுத்துகள். படம் கிடையாது, விளம்பரம் கிடையாது. மவுஸைத் தொடவே வேண்டாம். அம்புக்குறி விசைகள் போதும். நான் அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது, பேஸ்பால் ஆட்டம் நடக்கும் இரவுகளில் ஆய்வகத் தோழர்கள் அந்தத் திரையை விட்டு அகலவே மாட்டார்கள்.

எழுதியவரின் முகமோ, பின்தொடர்வோர் கூட்டமோ அங்கே முன்னால் வந்து நிற்பதில்லை. சொன்ன விஷயம்தான் நிற்கிறது. கீழே ஒற்றை வரியில் ஆதரிக்கலாம், மறுக்கலாம். வதந்தியும் வசவும் அங்கும் உண்டு. ஆனால் எதை நான் படிக்க வேண்டும் என்று ஒரு நிறுவனத்தின் அல்காரிதம் முடிவு செய்வதில்லை. அந்தச் சுதந்திரத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம் பல்கலைக்கழகங்களும் இப்படியொரு தமிழ்ப் பலகையைத் தொடங்கி, மாணவர்கள் பொறுப்பிலேயே விட வேண்டும். எழுத்து மட்டும் என்பதால் பெரிய சர்வர்கூடத் தேவைப்படாது.