வானக் கல்லும் உரைகல்லும்

காஞ்சி மாநகரத்தில் வாழ்வோர்க்குச் சோதனை என்பது புதிய சொல் அன்று. சேலை எவ்வளவு மின்னினும், அதன் சரிகையைச் சற்றே சுரண்டி, உள்ளே செம்பட்டு நூல் தோன்றுகிறதா என்று பார்த்த பின்னரே பழகிய வணிகர் விலை பேசுவர். பொற்கொல்லர் பட்டறையில் உரைகல் எப்போதும் கையெட்டும் இடத்தில் இருக்கும். இவ்வாறு வெளி மினுக்கை நம்பாது உள்ளீட்டைத் தேடும் நம்மவர், ‘இது வானத்திலிருந்து விழுந்தது’ என்று ஒருவன் ஒரு கருங்கல்லைக் கொணர்ந்து காட்டினால் மட்டும் உரைகல்லை மறந்துவிடுகின்றனர். சிலர் அதனைக் கும்பிடுகின்றனர். சிலர் அதற்குக் கோடி ரூபாய் விலை கூறுகின்றனர். ‘இஃது இன்னதென அறிந்தீரோ?’ என்று கேட்பார் அரியர். விலைக்கு முன்னர் உண்மையைக் கேட்க வேண்டும் என்பதே யான் இங்கு வற்புறுத்த விரும்புவது.

விண்கற்களை அறிஞர் மூவகைப்படுத்துவர். அவை கல் வகை, இரும்பு வகை, கல்லும் இரும்பும் விரவிய வகை என்பன. விழக் கண்டு எடுக்கப்பட்டவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை கல் வகையினவே. இரும்பு வகை நூற்றுக்கு ஐந்து அளவினது. விரவிய வகை ஒன்றளவினதே. இரும்பு வகையை அறுத்து மெருகிட்டு அமிலம் தடவினால், பெரும்பாலானவற்றில் பாவும் ஊடையும் குறுக்கிட்டாற் போன்ற கோடுகள் தோன்றும். நிக்கல் கலந்த இரும்பு பல லட்சம் ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்தாலன்றி அக்கோடுகள் அமையா. ஆதலின் எந்தக் கொல்லனும் அவற்றைப் போலியாகச் செய்ய இயலாது. கல் வகையுள் பெரும்பாலானவற்றில் தினையும் கேழ்வரகும் போன்ற சிறு மணிகள் செறிந்திருக்கும். கதிரவனைச் சுற்றிக் கோள்கள் உருவாவதற்கு முன்னரே உருகிக் குளிர்ந்த துளிகள் அவை. அவற்றின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டு. நம் பூமியில் அத்துணைப் பழைய பாறை ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இவ்விருந்தினர் புதியவரல்லர். புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார், வானத்தினின்று மீன் ஒன்று விழக் கண்டதைப் பாடியுள்ளார். சேர வேந்தனுக்குத் தீங்கு வருமோ என்று அவர் அஞ்சியது அக்காலத்து நம்பிக்கை. ஆனால், அஞ்சிய அந்த வேளையிலும் அன்றைய நாளையும் விண்மீன்கள் நின்ற நிலையையும் அவர் பிறழாமல் குறித்து வைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது. அச்சம் காலத்தோடு கழிந்தது; குறிப்பே இன்றளவும் நிற்கின்றது.

நம் காலத்துக்கு அணித்தான சான்றுகளும் உள. 1857 பிப்ரவரி 28ஆம் நாள் நண்பகலில் மதுரைச் சீமையில் பேரொலியோடு இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 77 கிலோ எடை. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த டெய்லர் ஐயர் அவற்றின் வரலாற்றை விசாரித்து எழுதினார். பெரிய கல் லண்டன் அருங்காட்சிசாலையைச் சேர்ந்தது. ‘பர்னல்லி’ என்னும் பெயரால் உலக அறிஞர் இன்றும் அதனை ஆராய்கின்றனர். அதற்கு ஒன்றரை நூற்றாண்டின் பின், 2008 செப்டம்பர் 12ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரியில் மற்றொரு கல் பல துண்டுகளாக விழுந்தது; கிடைத்தவற்றின் எடை ஏறத்தாழ 110 கிலோ.

இவ்விரண்டும் எல்.எல். எனப்படும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரும்புச் சத்துக் குறைந்தவை. எனினும், பர்னல்லி அக்குலத்தில் மூன்றாம் வகை; சூளகிரி ஆறாம் வகை. முன்னதில் அந்தப் பழைய மணிகள் தனித்தனியே தெளிவாகத் தெரியும். பின்னது தன் தாய்க் கோளின் ஆழத்தில் நெடுங்காலம் வெந்தமையால், மணிகள் கரைந்து கல்லோடு கல்லாய் ஒன்றிவிட்டன. ஒரு குலத்துப் பிள்ளைகள் இருவரும் வெவ்வேறு வாழ்வு வாழ்ந்ததைக் கல் தானே சொல்கின்றது. கேட்கத் தெரிந்த செவிதான் வேண்டும்.

நிற்க. ஒரு கல் வானத்தது என்று அறிவது எங்ஙனம்? புதிதாய் விழுந்ததன் மேல் முட்டையோடு போன்ற மெல்லிய கருந்தோல் ஒன்று போர்த்திருக்கும். காற்றைக் கிழித்து வருகையில் மேற்புறம் உருகியதன் அடையாளம் அது. ஈரக் களிமண்ணிற் பெருவிரலை அழுத்தினாற் போன்ற குழிவுகள் சிலவற்றில் உண்டு. உடைந்த பக்கத்தில் உலோகப் பொட்டுக்கள் மின்னும். பருமனுக்கு மிஞ்சிய கனம் இருக்கும். உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பின் அது பெரும்பாலும் உலையிற் கழிந்த கசடே. வெண்பளிங்கு மணிகள் விரவியிருப்பின் அது இம்மண்ணின் கல்லே. மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரைத்தால் செந்நிறக் கோடோ கருங்கோடோ அழுத்தமாக விழுமாயின், அது பெரும்பாலும் பூமியின் இரும்புத் தாதே. இங்கும் உரைகல்லே நமக்குத் துணை!

காந்தத்தை மட்டும் நம்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. காந்தம் ஒட்டினால் விண்கல் என்று பலரும் எண்ணுகின்றனர். சேலத்துக் கஞ்சமலையின் இரும்புத் தாதும் காந்தத்தை ஈர்க்கும்; இரும்புக் கசடும் ஈர்க்கும். மேற்சொன்ன சூளகிரிக் கல்லின் குலத்திலோ தனி இரும்பு மிகச் சிறிதாகையால் காந்தத்தின் பற்று மெலிந்தே இருக்கும். ஆகவே காந்தம் ஒன்றையே நம்பினால், அந்நியனை உறவென்று தழுவி, உறவை வாயிலில் நிறுத்தியவராவோம். சரிகையின் பொன்னையும் வெள்ளியையும் எக்ஸ்-கதிரால் அளக்கும் கருவிகள் இன்று உண்டு. அம்முறையாற் கல்லின் நிக்கலையும் அளந்தறியலாம்.

இனி மதிப்பைப் பற்றிச் சில சொல்வேன். விண்கல்லுக்கு விலை உண்டென்பது மெய்யே. நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் 2023இல் கிடைத்த, 24 கிலோவுக்கு மேற்பட்ட செவ்வாய்க் கோளின் கல் ஒன்று, 2025 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. ஆனால் அவ்விலை கல்லின் நிறத்துக்கன்று. அது செவ்வாயின் கல்லே என்று ஆராய்ச்சிசாலை நிறுவியதற்கே. 1865 ஆகஸ்டு 25ஆம் நாள் பீகாரில் ஷெர்கோட்டியில் விழுந்த கல்லும் செவ்வாயினதே. அதனை உலகம் உணர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அதுவரை அக்கல்லைக் காத்தது ஆசையன்று, அருங்காட்சிசாலையின் பொறுமை.

இவ்வுண்மை அறியாமையால் விளையும் கேட்டை நம் நாடு கண்டு வருகின்றது. ‘இரிடியம்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி எத்துணைக் குடும்பங்களின் சேமிப்பு சூறையாடப்பட்டது! இடி விழுந்த செப்புக் கலசம் இரிடியமாக மாறிவிடும், அரிசியைத் தன்பால் ஈர்க்கும் என்று கதை கட்டி, பொருள் பறிக்கும் கூட்டத்தார் உளர். அவ்வாசையாற் கோபுரக் கலசங்களே களவு போயுள்ளன. இடி ஓர் உலோகத்தை மற்றோர் உலோகமாக்காது. இரிடியம் அரிசியை ஈர்க்காது. விண்கற்களில் இரிடியம் உண்டு. ஆனால் கல் வகையில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்துணைச் சிறிய அளவைக் கொண்டே, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பெருங்கல் ஒன்று பூமியைத் தாக்கியது என்று 1980இல் அல்வாரெஸ் குழுவினர் உய்த்துணர்ந்தனர். அறிவுடையார் கையில் வரலாற்றைத் திறந்த பொருள், வஞ்சகர் வாயில் ஏழையின் வீட்டை மூடுகின்றது.

பொருள் இழப்பினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 2016 பிப்ரவரி 6ஆம் நாள், அந்நாளைய வேலூர் மாவட்டத்து நாட்டறம்பள்ளிக்கு அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல்லே காரணம் என்று விரைவிலேயே அறிவிப்பும் வெளிவந்தது. படங்களைக் கண்ட அமெரிக்க நாசா அறிஞரோ, அது தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போன்றே தோன்றுகிறது என்றனர். விண்கற்களின் உலகப் பட்டியலிலும் அஃது ஏறவில்லை. வானத்தின் மேல் பழியைப் போட்டால் மண்ணில் விசாரிக்க வேண்டுவது யாது? உழைத்து உண்ட ஒருவனுடைய சாவுக்கு உண்மைக் காரணம் அறியும் உரிமை அவன் மனைவி மக்களுக்கு உண்டன்றோ? ஆராயாது சொல்லும் சொல், பொய் அல்லாவிடினும், பொய் செய்யும் தீங்கைச் செய்துவிடும்.

‘ஏழைக்கு வாராது வந்த பேற்றை ஆராய்ச்சி என்று சொல்லிப் பறிப்பதோ?’ என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் நியாயம் உண்டு. கண்டெடுத்தவன் பெயர் பதியப்பட வேண்டும். அவனுக்குத் தக்க சன்மானமும் வேண்டும். ஆனால் சோதனையே அவனுக்குக் காவல். மெய்யாயின் அவன் கல்லுக்கு மதிப்பளிப்பதும், பொய்யாயின் அவனை வஞ்சகர் வலையினின்று மீட்பதும் அதுவே.

ஆதலின் நம் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும், மாதம் ஒரு நாள், எவரும் ஒரு கல்லைக் கொணர்ந்து காட்டுதற்கு ஒரு மேசை வேண்டும். தராசும் பீங்கான் ஓடும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் அதற்குப் போதும். ஐயத்துக்குரிய கல்லை, கிடைத்த இடமும் நாளும் குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு அனுப்பலாம். நூறு கல்லில் தொண்ணூற்றொன்பது கசடாகவே முடியும். அதனை அன்போடும் இலவசமாகவும் எடுத்துச் சொல்வதும் ஓர் ஊழியமே. நூறாவது கல் ஒருகால் மெய்யாயிருப்பின், காஞ்சியின் பெயரும் பர்னல்லியோடும் சூளகிரியோடும் உலக ஏட்டில் எழுதப்படும். இல்லையேல், ஒரு வீட்டின் சேமிப்பாவது தப்பும். அதுவும் சிறிய ஊதியமன்று.