கற்பும் ஊசியும்

கருப்பைவாய்ப் புற்றுநோயினின்று பெண்மக்களைக் காப்பது எச்.பி.வி. தடுப்பூசி. அது ஒரு நாட்டில் ஏறக்குறைய எல்லாச் சிறுமியர்க்கும் எட்டுகின்றது. மற்றொரு நாட்டில் பெரும்பாலார்க்கு எட்டாமலே போகின்றது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? செல்வம் என்பர் சிலர்; கல்வி என்பர் வேறு சிலர். இரண்டும் போதிய காரணமல்ல என்பதே நமது கட்சி.

ஜப்பான் செல்வத்திலேனும் கல்வியிலேனும் தாழ்ந்த நாடா? அந்நாட்டார் 2013 ஏப்ரலில் இவ்வூசியை வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்தனர். பத்திரிகைகள் சில பீதியைக் கிளப்பவே, அவ்வாண்டு ஜூனிலேயே, அதை மக்களுக்குப் பரிந்துரைப்பதை அரசாங்கத்தார் நிறுத்திக்கொண்டனர். நூற்றுக்கு 70 அளவில் இருந்த தொகை ஒன்றுக்கும் கீழே வீழ்ந்தது. மீண்டும் பரிந்துரைக்க 2022 ஏப்ரல் வரை சென்றது. ருவாண்டாவோ 1994-ஆம் ஆண்டுப் படுகொலையால் சிதைந்த ஏழை நாடு. அது 2011-ல் தொடங்கி, பள்ளிதோறும் ஊசியைக் கொண்டுசென்று, பள்ளிக்கு வராத சிறுமியரையும் தேடிப்பிடித்து, நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டார்க்குச் செலுத்திற்று. செல்வந்தன் தயங்கினான்; ஏழை செய்து முடித்தான்.

இனி நம் ஊரைப் பார்ப்போம். பாலிக் புலாவ் என்பதற்குத் தீவின் பின்புறம் என்பது பொருள். ஜார்ஜ் டவுனுக்கும் நமக்கும் இடையே மலை நிற்கின்றது. டுரியானும் ஜாதிக்காயும் விளையும் இவ்வூர் மாணவிக்கும், பட்டணத்து மாணவிக்கும் இவ்விஷயத்தில் மலேசிய அரசாங்கம் வேற்றுமை வைக்கவில்லை. 2010 முதல் 13 வயது மாணவியர்க்கு இலவசமாக, பள்ளியிலேயே ஊசி போடுவதென்று ஏற்பாடு செய்தது. கோவிட் காலத்திலும் மருந்துத் தட்டுப்பாட்டாலும் இடையே தடைப்பட்டதுண்டு. எனினும் பெற்றோர் செய்யவேண்டுவது சம்மதப் படிவத்தில் ஒரு கையெழுத்து மட்டுமே.

அதே 2010-ல் நம் முன்னோர் பிறந்த நாட்டில் நடந்தது என்ன? அந்நாளில் ஆந்திரத்தைச் சேர்ந்த கம்மத்திலும், குஜராத்தின் வதோதராவிலும் நடந்துவந்த சோதனைத் திட்டம் ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஏழு சிறுமியர் இறந்தனர் என்பது காரணம். அம்மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆயினும் பல சிறுமியர்க்குப் பெற்றோர்க்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டது பெருங்குற்றம். ஏழைப் பெண்ணின் உடல் எவர்க்கும் பொதுச்சொத்தன்று. 2013-ல் பார்லிமெண்டுக் குழு கண்டித்ததும் நியாயமே. ஆனால் கையெழுத்து முறை கெட்டதென்றால் முறையைத் திருத்துவதா, கோடிக்கணக்கான பெண்களின் கதவை அடைப்பதா? 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாக ஊசி போடுவதாகத் தமிழ்நாட்டு அரசாங்கம் தன் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது 2025-லேதான். பதினைந்து ஆண்டு! அண்டையிலுள்ள இலங்கை 2017-லேயே பள்ளிகளில் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்நோயால் மாண்ட பெண்கள் ஏறத்தாழ 80,000 என மதிப்பிடப்பட்டுள்ளது.

அரசாங்கத்தாரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. வாயிலுக்கு வந்த ஊசியைத் திருப்பியனுப்பும் பெரியோர்கள் நம்மிடையேயும் இருக்கின்றனர். "எங்கள் பெண் ஒழுக்கமாக வளர்ந்தவள்; அவளுக்கு இது எதற்கு?" என்கின்றனர். இந்நோய்க்கு மூலமான கிருமி உடலுறவால் பரவுவது என்று கேட்டவுடனே அவர்களுக்கு மானம் பொங்குகின்றது. ஐயா, கணவன் ஒருவனையன்றி வேறெவரையும் அறியாத மனைவிக்கும் அக்கணவனிடமிருந்தே கிருமி வந்து சேருமே! அவனை எவரேனும் ஒழுக்கத்துக்குச் சாட்சி கேட்டதுண்டா? கற்பு என்னும் பாரத்தைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றி, ஆணின் பிழைக்கும் அவளையே புற்றுநோயால் தண்டிப்பது எந்த அறநூல் விதி?

ஊசி போட்டால் பெண் தவறிவிடுவாள் என்பது இன்னொரு கூக்குரல். அப்படி நடத்தை மாறியதாக ஆராய்ந்தவர் கண்டதில்லை. மலடாவாள் என்னும் வதந்திக்கும் ஆதாரமில்லை. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுள் ஒருவர்க்கேனும் இந்நோய் காணப்படவில்லை என்று 2024-ல் ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. முற்காலத்தில் அம்மை குத்த வந்தவர்களை மாரியாத்தாள் கோபிப்பாள் என்று விரட்டினோம். 1980-ல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது, ஆத்தாள் கோபிக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களே, படிவம் வீட்டுக்கு வந்தால் படித்துப் பாருங்கள், ஐயமிருந்தால் தாதியைக் கேளுங்கள், பின் கையெழுத்திடுங்கள். பள்ளியை விட்டு நின்ற பெண் தெருவில் இருந்தால், அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1997-க்கு முன் பிறந்த தாய்மார்க்கு இத்திட்டம் கிட்டவில்லை. அவர்கள் வெட்கத்தை விட்டுக் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொள்ளட்டும். மகளுக்குச் சங்கிலியும் வளையலும் சேர்க்கும் தகப்பன்மார்கள் அவள் உயிருக்கும் ஒரு காப்பு வேண்டுமென்று எண்ண மாட்டார்களா?