உக்கிராணக்காரர் எவர்?

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டப்புறக் கிறித்தவரிடம் ஈகை குன்றிவிட்டது என்று திருச்சபைத் தலைவர் சிலர் வருந்துகின்றனர். வருத்தம் மெய்யாக இருக்கலாம். கூறும் காரணம் மெய்யன்று. 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர் யார்? நாட்கூலி பெற்ற பால்மரத் தொழிலாளர் அல்லரோ! கட்டிய பணம் தோட்டமாகக் கண்முன் நின்றது, கொடுத்தனர்.

திருச்சபைக்குள்ளேயே சான்று வேண்டுமாயின், வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா இருக்கிறார். தெலுங்கு நாட்டு டோர்னக்கல் திருமண்டலத்தில் ஏழைப் பெண்கள் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கையாக எடுத்துவைத்தனர். (பிடியரிசி தமிழகத்துக்கும் புதிதன்று.) ஆனால் 1903இல் அவர் முன்னின்று திருநெல்வேலியில் தோற்றுவித்த இந்திய மிஷனெரி சங்கம், பணத்தோடு நிருவாகத்தையும் இந்தியர் கையிலேயே வைத்தது. அவரை எடுத்துக்காட்டுவோர் அரிசியை மட்டுமே நினைவிற் கொள்கின்றனர்.

மேடைதோறும் ‘உக்கிராணத்துவம்’ முழங்குகிறது. உக்கிராணம் என்பது பண்டகசாலை. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் கணக்குக் கேட்கப்படுபவன் உடைமையைக் கையாண்டவனே. பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியே சுமக்கவில்லை. பழிச்சொல் வாராதிருக்கச் சபைகள் தெரிந்தெடுத்தவரை உடன் சேர்த்துக்கொண்டார்.

தோட்டத்துச் சிற்றாலயத்திலேயே ஆண்டுக் கணக்கு தமிழில் வாசிக்கப்பட வேண்டும். செலவை முடிவுசெய்யும் குழுவில் தோட்டத்தார் அமர வேண்டும். பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைக் கண்ணால் கண்டு பழகிய பரம்பரை, காணிக்கைத் தட்டில் இட்ட வெள்ளி எங்கே சென்றது என்று கேட்டால், அதற்கு அவிசுவாசம் என்று பெயரிடுவது எந்த நியாயம்?